குழியின் ஆழமும் கவுன்சிலின் தேதியும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் மூன்று போட்டோவும் வந்தன. மகளுக்கு மான்செஸ்டரில் இடம் கிடைத்த சேதியை நாலாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் மூன்று பக்கமும் உன் கார் விழுந்து அடிபட்ட சாலைக் குழியைப் பற்றியே எழுதியிருக்கிறாய்! அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே மழை இன்னும் விடவில்லை. தொட்டியில் போட்ட வெந்தயக்கீரை அழுகிப்போயிற்று. மற்றபடி எல்லாரும் சுகம்.

இனி உன் காருக்கு வருவோம். நஷ்டஈடு கேட்டு உங்கள் ஊர் நிர்வாகமான கவுன்சிலுக்கு அனுப்ப நீ எழுதி வைத்திருக்கும் கடிதத்தை அப்படியே அனுப்பாதே. வருஷா வருஷம் கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறேன் என்று தொடங்கும் முதல் பத்தியை எடுத்துவிடு. அதைப் படிப்பவர் கிளைம், அதாவது நஷ்டஈட்டுக் கோரிக்கைப் பிரிவில் இருப்பவர். அவர் கேட்கப்போவது இரண்டே கேள்வி. குழி ஆபத்தான அளவில் இருந்ததா? அது இருப்பது கவுன்சிலுக்குத் தெரிந்திருந்ததா, அல்லது ஒழுங்காகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா? பெரும்பாலான கிளைம்கள் இரண்டாவது கேள்வியில்தான் விழுகின்றன. நீயோ மூன்று பக்கமும் முதல் கேள்விக்கே பதில் எழுதியிருக்கிறாய்.

சட்டம் இப்படி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1980ஆம் ஆண்டின் ஹைவேஸ் சட்டம், பிரிவு 41, சாலையைப் பராமரிக்கும் கடமையை அந்தச் சாலைக்குப் பொறுப்பான அரசு அமைப்பின் தலையில் வைக்கிறது. உடனே பிரிவு 58 ஒரு தப்பும் வழியையும் கொடுக்கிறது. அந்தச் சாலைக்குத் தேவையான நியாயமான கவனத்தை எடுத்துக்கொண்டோம் என்று கவுன்சில் காட்டிவிட்டால் போதும், குழி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காசு கிடையாது. 'ஜனவரியில் ஆய்வு செய்தோம், நடவடிக்கை எடுக்கும் அளவுக்குக் குறைபாடு எதுவும் இல்லை' என்று வரும் மறுப்புக் கடிதம் முழுக்க இந்தப் பிரிவுதான். ஆனால் ஒன்றைக் கவனி. குழி ஆபத்தானது, அதனால்தான் சேதம் என்று நிரூபிப்பது உன் வேலை. கவனமாக இருந்தோம் என்று நிரூபிப்பது அவர்கள் வேலை. மறுப்புக் கடிதத்தில் சொன்னதாலேயே அது நிரூபணம் ஆகிவிடாது. பதிவேட்டைக் காட்ட வேண்டும்.

முதலில் சாலை யாருடையது என்று பார். வீட்டு வாசலில் குப்பை அள்ளுவது ஒருவர், சாலை போடுவது வேறொருவர் என்பது இங்கே சகஜம். கேம்பிரிட்ஜை எடுத்துக்கொள். குப்பை சிட்டி கவுன்சில் பொறுப்பு, சாலை கவுண்டி கவுன்சில் பொறுப்பு. இங்கிலாந்தில் மோட்டார்வேயும் பெரிய ஏ சாலைகளும் நேஷனல் ஹைவேஸ் என்ற அரசு நிறுவனத்தின் கையில். லண்டனில் சிவப்புக் கோடு போட்ட சாலைகள் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனுடையவை. தப்பான இடத்துக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் தூங்கிவிட்டுத் திரும்பி வரும். ஸ்காட்லாந்தில் இருக்கும் உன் மைத்துனருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டாதே, அங்கே சட்டமே வேறு.

இன்னொரு சிக்கல்: குழி நேர்க்கோட்டில் நீளமாக, பக்கத்துத் தாரைவிட வேறு நிறமான ஒட்டுக்குள் இருக்கிறதா? அப்படியானால் அது தண்ணீர், காஸ், கேபிள் கம்பெனி தோண்டி மூடிய பள்ளம். தோண்டிய சாலையைச் சரியாக மூடித் தரும் பொறுப்பை 1991ஆம் ஆண்டின் தெரு வேலைச் சட்டம் அந்தக் கம்பெனிமேல் வைக்கிறது. கவுன்சில் உன்னை அங்கே தள்ளிவிடப் பார்க்கும். இரண்டு பேருக்கும் எழுது. யார் தோண்டினார்கள் என்ற அனுமதிப் பதிவு கவுன்சிலிடம் இருக்கும்.

உன் போட்டோக்கள் மூன்றும் காருக்குள் இருந்தபடியே எடுத்தவை, அளவே தெரியவில்லை. மறுபடி போ. பகலில், நடைபாதையில் நின்று, வண்டி வராத நேரம் பார்த்து. மோட்டார்வேயில் இந்த வேலையைக் கனவிலும் செய்யாதே. தூரத்திலிருந்து ஒன்று எடு, பக்கத்து வீட்டு எண்ணோ விளக்குக் கம்பத்து எண்ணோ அதில் தெரியட்டும். பிறகு கிட்டத்தில். குழியின் குறுக்கே ஒரு நேரான பலகையை வை, அதன் அடியிலிருந்து தரைவரை டேப்பை நேராக இறக்கு, எண் படிக்கிற மாதிரி எடு. ஓரத்தில் வைத்து அளந்தால் ஆழம் குறைவாகத்தான் வரும், மிகத் தாழ்ந்த இடத்தில் அள. பல கவுன்சில்கள் வாகனப் பாதையில் 40 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் பழுதாக எடுத்துக்கொள்கின்றன. உன் கவுன்சிலின் எண் எது என்று அவர்களுடைய சாலை ஆய்வுக் கையேட்டில் பார். டேப் இல்லையென்றால் இரண்டு பவுண்டு நாணயத்தை வை, குறுக்களவு 28.4 மில்லிமீட்டர்.

அங்கே நிற்கும்போது முக்கியமாக ஒன்றைத் தேடு. குழியைச் சுற்றி வெள்ளையிலோ மஞ்சளிலோ ஸ்ப்ரே பெயின்ட் கட்டம் இருக்கிறதா? இருந்தால் உன் பாதி வேலை முடிந்தது. ஆய்வாளர் வந்து பார்த்து, அடைக்க வேண்டும் என்று குறித்துவிட்டுப் போயிருக்கிறார். பெயின்ட் மங்கியிருந்தால் இன்னும் நல்லது, போட்டு நாளாகிவிட்டது. ஆனால் கம்பெனிக்காரர்கள் குழாய், கேபிள் தேடிப் போடும் குறிகளும் உண்டு. அவை கோடும் அம்புக்குறியும் எழுத்துமாக நீண்டு போகும், குழியைச் சுற்றிக் கட்டம் கட்டாது. ஏற்கனவே ஒருமுறை அடைத்த தார் உதிர்ந்து ஓரத்தில் கிடந்தால் அதையும் எடு. விரிசலில் தண்ணீர் இறங்கி, உறைந்து, ஒன்பது சதவீதம்போலப் பெருத்து, மேல் தாரைத் தூக்கிவிடுகிறது. ஈரக் குழியில் அவசரமாகக் கொட்டிய ஒட்டு அதனால்தான் நிற்பதில்லை.

குழி எவ்வளவு நாளாக இருந்தது என்பதற்கு வீட்டிலிருந்தபடியே சாட்சி தேடலாம். ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளம் 2007 முதல் இருக்கிறது. அந்தத் தெருவைத் தட்டினால் யார் யாரோ போட்ட புகார் தேதியோடு, சில சமயம் போட்டோவோடு, எல்லார் கண்ணுக்கும் தெரியும். கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார், எடுத்த மாதம் ஓரத்தில் இருக்கும். விழுந்த பிறகு நீ போட்ட புகார் உன் கிளைமுக்கு உதவாது, ஏனென்றால் கவுன்சிலுக்குத் தெரிய வந்ததே உனக்குச் சேதம் ஆன பிறகு. உனக்குத் தேவை உனக்கு முன்னால் எவரோ போட்ட புகார். ஆனாலும் நீ போடு. அடுத்து விழுபவர் அதைத்தான் தேடுவார்.

இதற்கு மேல் வேண்டியது கவுன்சிலின் அலமாரிக்குள் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேள். மின்னஞ்சல் போதும், கட்டணம் இல்லை, 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். 'குழிகள் பற்றிய எல்லாத் தகவலும்' என்று கேட்டால் செலவு அதிகம் என்று மறுத்துவிடுவார்கள். தெருப்பெயர், எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த எண் வரை, விபத்துக்கு முந்தைய 12 மாதம் என்று சுருக்கிக் கேள். அந்தச் சாலை எந்த வகுப்பு, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும், உண்மையில் எந்தெந்தத் தேதியில் செய்தார்கள், ஒவ்வொரு முறையும் என்ன குறித்தார்கள், பொதுமக்கள் புகார் எப்போதெல்லாம் வந்தது, அடைக்க உத்தரவு போட்ட நாள் எது, அடைத்த நாள் எது. இவ்வளவுதான்.

பதில் வந்ததும் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுது. மாதம் ஒருமுறை பார்க்க வேண்டிய சாலைக்கு இரண்டு ஆய்வுக்கு நடுவே ஏழு வாரம் இடைவெளி இருந்தால் அதுதான் உன் கிளைம். புகார் வந்து, 'ஏழு நாளுக்குள் அடை' என்று அவர்களே கெடு வைத்து, பதினெட்டாம் நாள்வரை அடைக்காமல் விட்டு, பதினாறாம் நாள் நீ விழுந்திருந்தால் அதைவிட நல்லது. மாறாக, ஆய்வு ஒழுங்காக நடந்து, உனக்கு நாலு நாள் முன்புதான் குழி விழுந்திருந்தால், மனசைத் தேற்றிக்கொள். அந்த நிலையில் கோர்ட்டுக்குப் போவது கட்டணத்துக்கு நஷ்டம்.

'ஆளில்லை, பணமில்லை' என்று பதில் வந்தால் அசராதே. 2011இல் வில்கின்சன் எதிர் யார்க் நகர கவுன்சில் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: தேவையான அளவுக்கு ஆய்வு செய்யாததற்குப் பணத் தட்டுப்பாடு பிரிவு 58இன் கீழ்ப் பதில் ஆகாது. மறுப்புக்குப் பதில் எழுதும்போது அந்தப் பெயரை ஒரு வரியில் சேர். கவுன்சில்கள் இறுக்கிப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய தொகைக்குத்தான் அவர்களுடைய இன்சூரன்ஸ் கைகொடுக்கும், உன்னுடையது போன்ற சில நூறு பவுண்டு அவர்கள் சொந்தக் கையிலிருந்தே போகும்.

இப்போது பில். உன் டயர் 225/40 ஆர் 18. அகலம் 225, அதில் 40 சதவீதம் பக்கச் சுவர், அதாவது வெறும் 90 மில்லிமீட்டர் ரப்பர். பழைய 195/65 டயருக்கு இது 127. குழியின் கூர் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவே அந்த 90 நசுங்கும்போது உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துவிடும். வெளி ரப்பர் நன்றாகவே இருக்கும், காற்று இழை அறுந்த இடத்தைத் தள்ளி முட்டை மாதிரி புடைக்கும். நீ எழுதியிருக்கும் புடைப்பு அதுதான். அதோடு ஓட்டாதே, வெடிக்கும். ஒட்டவும் முடியாது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது என்கிறாயே, வீல் அலைன்மென்ட் பார்த்து முன்பும் பின்பும் உள்ள அளவை அச்சிட்டு வாங்கு. அந்தத் தாள் வாதாடாமலே பேசும்.

காயில் ஸ்பிரிங் உடைந்தது பற்றித்தான் எனக்குச் சந்தேகம். உடைந்த முகத்தைப் பார். முழுக்கப் பளபளப்பாக இருந்தால் புது உடைப்பு. பாதி துருவும் பாதி பளபளப்புமாக இருந்தால் ஏற்கனவே விரிசல் விட்டிருந்தது, குழி கடைசியாக ஒரு தட்டு தட்டியிருக்கிறது. கவுன்சில் இதைப் பிடித்துக்கொள்ளும். 'சேதம் திடீர் மோதலால் ஏற்பட்டது' என்று கராஜ்காரரிடம் ஒரு வரி கையெழுத்தோடு வாங்கு. சொல்ல அவர் தயங்கினால் ஸ்பிரிங்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. ஒரு சந்தேகமான உருப்படி இருந்தால் மற்ற பில்லையும் சந்தேகமாகவே பார்ப்பார்கள்.

டயருக்கு முழு விலை எதிர்பார்க்காதே. புது டயரில் பூப்பட்டை, அதாவது சாலையைத் தொடும் பக்கத்து வரிப்பள்ளத்தின் ஆழம், ஏறக்குறைய 8 மில்லிமீட்டர், சட்டப்படி குறைந்தது 1.6. நடுவே பயன்படுவது 6.4. உன்னுடையது 4இல் இருந்தது என்றால் மிச்சம் 2.4, அதாவது 37.5 சதவீதம். 140 பவுண்டு டயருக்கு 52.50 தருகிறோம் என்றால் அது ஏமாற்று வேலை இல்லை, கணக்கு சரி. ஜோடியாக இரண்டு டயர் மாற்றியிருந்தால், சேதமான ஒன்றுக்கே தருவார்கள். இரண்டும் மாற்றியே ஆக வேண்டும் என்றால் காரணத்தைக் கராஜ் எழுதித் தர வேண்டும்.

இன்சூரன்ஸில் போடலாமா என்று கேட்டாய். எக்ஸஸ், அதாவது நீயே கட்ட வேண்டிய பங்கு, 350 பவுண்டு, மொத்தச் சேதம் 610. வேண்டாம். காசைத் திரும்ப வசூலிக்க ஆளில்லாததால் உன் தவறு என்றே பதிவாகும், கிளைம் போடாமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம்ஸ் போனஸ் அடிபடும்.

கவுன்சில் கடைசிவரை மறுத்தால் வழக்குக்கு ஆறு வருஷம் வரை அவகாசம் உண்டு, அவசரமில்லை. முதலில் 'வழக்குக்கு முந்தைய கடிதம்' என்று தலைப்புப் போட்டு, 14 நாள் கெடு கொடுத்து, தேதி வரிசைத் தாளையும் இணைத்து அனுப்பு. பலமான தேதிகள் இருந்தால் இந்தக் கட்டத்திலேயே பாதி முக்கால் தருகிறோம் என்று வருவார்கள். மூன்றில் இரண்டு பங்கு வந்தால் வாங்கிக்கொள் என்பது என் கருத்து. வராவிட்டால் ஸ்மால் கிளைம்ஸ், அதாவது சிறு தொகைக்கான கோர்ட் வழக்கு. 500க்கு மேல் 1,000 பவுண்டு வரைக்கும் மனுக் கட்டணம் 70, போடுவதற்கு முன் ஒருமுறை சரிபார். விசாரணை வரை போனால் அதற்குத் தனிக் கட்டணம். 2024 மே முதல் இந்த வழக்குகளில் போன் வழியாக ஒரு மணிநேர இலவசச் சமரசம் கட்டாயம். தாளைப் பார்த்துப் பேசு, கோபத்தைப் பார்த்துப் பேசாதே.

டேஷ்கேம் இருக்கிறது என்றாயே, அந்தத் துண்டை அனுப்புவதற்கு முன் நீ ஒருமுறை முழுதாகப் பார். குழி தூரத்திலேயே தெரிந்து, விலகிப் போக இடமும் இருந்தால், உன் கவனக்குறைவு என்று தொகையைக் குறைப்பார்கள். மழைநீர் நிரம்பிக் குழி மூடியிருந்தால் அதுவே உனக்குச் சாதகம், பார்த்தும் தெரிந்திருக்காது.

அந்தப் பழைய டயரைக் கராஜில் விட்டுவிட்டு வந்துவிடாதே, தூக்கிப் போட்டுவிடுவார்கள். இன்றைக்கே போய் எடுத்து ஷெட்டில் வை. உட்புறப் புடைப்பையும் ரிம் நெளிவையும் சாக்பீஸால் குறித்து எடுத்த படத்தை எனக்கு அனுப்பு. தகவல் கேட்கும் மின்னஞ்சலின் வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே