மாவுக்கட்டு பிரித்த கை

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், வலது கை இன்னும் முழுசாக என் பேச்சைக் கேட்கவில்லை. ஆமாம், உன்னிடம் மறைத்துவிட்டேன். கார்த்திகை மழையில் பின்கட்டுத் துவைக்கிற கல் பக்கத்தில் பாசி வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. வீடியோ காலில் பேசும்போதெல்லாம் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டிருந்தேன். "ஏம்மா, குளிருதா?" என்று ஒரு தடவை நீ கேட்கக்கூடச் செய்தாய். சொன்னால் லீவு போட்டுக்கொண்டு புனேயிலிருந்து ஓடி வருவாய், பாப்பாவுக்குப் பரீட்சை நேரம் வேறு. அதனால் அப்பாவையும் வாய் திறக்கவிடவில்லை. திட்டுவதென்றால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

போன வியாழக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகவே கூடியிருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது கையைப் பார்த்துத்தான். எப்போதும் இடது கையைவிடப் பருமனாக இருக்கும் வலது கை, முழங்கைக்குக் கீழே முருங்கைக்காய் மாதிரி மெலிந்து கிடந்தது. 29 வருடம் எலும்பு முறிவு வார்டில் நர்சாக இருந்தவள் நான். இப்படிப்பட்ட கைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். "பிசியோவுக்குப் போங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்திருக்கிறேன். சொந்தக் கையில் பார்க்கும்போது அப்படி நகர முடியவில்லை.

சதையைத்தான் கண்ணால் பார்த்தேன். உள்ளே எலும்பும் கொஞ்சம் கரைந்திருக்கும். தசை எலும்பைப் பிடித்து இழுக்கும்போது எலும்பு துளியூண்டு வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவு. எலும்புக்குள் புதைந்து கிடக்கும் செல்கள் அந்த அசைவை உணர்ந்து, இங்கே வேலை நடக்கிறது, கெட்டிப்படுத்து என்று சேதி அனுப்புகின்றன. இழுப்பு நின்றுவிட்டால் சேதியும் நின்றுவிடும். வேலை இல்லாத இடத்தில் எலும்பு சுண்ணாம்புச் சத்தை வைத்துக்கொள்ளாது. யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர், சுமக்கும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று 1892இலேயே எழுதிவிட்டார். நர்சிங் படிக்கும்போது நானும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விஷயம்தான். விண்வெளிக்குப் போகிறவர்களைப் பார். அளந்து அளந்து நல்ல சாப்பாடு கொடுக்கிறார்கள். ஆனாலும் அங்கே உடம்புக்குப் பாரம் இல்லாததால் இடுப்பு, கால் எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறைகிறது. அவர்கள் தினமும் உடற்பயிற்சி செய்வது அதனால்தான். வெறும் கால்சியம் மாத்திரையை நம்பியிருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான்.

உன் ஆயா நினைவுக்கு வந்தார். நீ காலேஜில் இருந்தபோது வாசப்படியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாரே, 78 வயதில். எலும்பு தேய்ந்துபோனதால் முறிந்தது என்று எல்லோரும் சொன்னோம், நானும்தான். இப்போது யோசித்தால் அதற்கு இரண்டு வருடம் முன்பே தொடங்கிவிட்டது. தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். புடவைக் கொசுவம் நழுவுகிறது, இடுப்பில் நிற்கவில்லை என்பார். வயசாயிடுச்சு என்று நாற்காலி வாங்கிப் போட்டோம், தண்ணீர்க் குடத்தைத் தொடவிடவில்லை. பாசம்தான், ஆனால் தப்பான பாசம். தொடைச் சதை முதலில் போனது. தடுக்கினால் சட்டென்று காலை ஊன்றித் தாங்கிக்கொள்ளும் பலம் அதோடு போனது. விழ வைத்தது சதை, முறிந்தது எலும்பு. வார்டில் நாங்கள் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்போம், தொடையைத் தொட்டுப் பார்த்தது கிடையாது. சதை இப்படிக் குறைவதற்கு 'சார்க்கோபீனியா' என்ற பெயரே 1989இல்தான் வந்தது.

எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் எனக்கு டி-ஸ்கோர், அதாவது இளம் வயதுக்காரர்களின் அடர்த்தியோடு ஒப்பிடும் அளவு, மைனஸ் 2.7. மைனஸ் 2.5க்குக் கீழே போனால் ஆஸ்டியோபொரோசிஸ், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய். மாதவிடாய் நின்ற பிறகு வரும் ஐந்தாறு வருடத்தில் ஒரு பெண்ணுக்கு எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரைகூடப் போகலாம். எனக்கு 49இல் நின்றது, இப்போது 62, கணக்கு சரியாகத்தான் வருகிறது. வைட்டமின் டி 14 இருந்தது, 20க்குக் கீழே என்றாலே குறைபாடு. கடலூர் வெயிலில் இருந்துகொண்டு! அப்பா சிரித்தார். அவர் ஏன் சிரிக்க வேண்டும், வெயில் ஏறும் முன்னாலேயே நடந்துவிட்டு வந்து உள்ளே உட்கார்ந்துகொள்வது இரண்டு பேரும்தான். டி குறைந்தால் எலும்பு மட்டுமல்ல, தொடையும் இடுப்பும்கூட வலுவிழக்கும், மாடிப்படி மலையாகத் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது, முழங்கால் தேய்மானம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இப்போது எலும்புக்கென்று வாரத்துக்கு ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். புதன்கிழமை காலையில் போன் செய்யாதே, காபி குடிக்காத கோபத்தில் இருப்பேன்.

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று பிசியோ பெண் பார்த்தாள். ஆசிய நாடுகளுக்கென்று வைத்திருக்கும் அளவுப்படி 12 வினாடிக்குள் முடிய வேண்டும். எனக்கு 16. அப்பா செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு தினமும் நடுவர் வேலை பார்க்கிறார். அவருக்கு 13, அதை யாரிடமும் சொல்லாதே என்றார். வெள்ளிக் கடற்கரையில் நடப்பது போதாதா என்று கேட்டேன். நடை நல்லதுதான், ஆனால் தசை திணறுகிற அளவுக்குப் பாரம் வேண்டும் என்றாள். அதனால் ரப்பர் பட்டையை இழுக்கிறேன், இரண்டு கிலோ எடை தூக்குகிறேன், மொட்டை மாடிக்கு ஏறி இறங்குகிறேன். முதுகை வளைத்துக் குனிந்து எதையும் தூக்கக் கூடாது, அது மட்டும் தடை. இந்த வயதுக்கு மேல் என்ன பலம் வந்துவிடப் போகிறது என்று நீ நினைக்கலாம். பாஸ்டனில் 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்து, 1990இல் வெளியிட்டிருக்கிறார்கள். கடைசி வரை தாக்குப்பிடித்த 9 பேருக்குத் தொடையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அவர்களுக்கு நான் பொடிப்பெண்.

தேவனாம்பட்டினத்திலிருந்து நமக்கு மீன் கொண்டுவரும் அக்காவுக்கு என் வயதுதான். அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வருகிறார். அதைப் பார்த்துவிட்டு உழைப்புதான் மருந்து என்று பேச எனக்கு வாய் வரவில்லை. கழுத்து வலிக்கு அவர் என்னிடம்தான் தைலம் வாங்கிப் போகிறார்.

இனி உன் விஷயம். உனக்கு 38. முப்பதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை சதை தானாகவே குறையும். அதன் மேல் நீ வேறு வெள்ளரிக்காயும் கிரீன் டீயுமாக இருந்து ஒன்பது கிலோ இறக்கிவிட்டேன் என்கிறாய். பட்டினியில் இறங்குவது கொழுப்பு மட்டும் என்று நினைக்காதே, சதையும் எலும்பும் சேர்ந்துதான் போகும். எடை இறங்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. முட்டை, மீன், சுண்டல் ஏதாவது வேளாவேளைக்கு உள்ளே போகட்டும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கு. மாப்பிள்ளை நீந்தப் போகிறார் என்றாய். இதயத்துக்கு நல்லது. ஆனால் பாரத்தைத் தண்ணீரே தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அவரையும் இழுத்துக்கொண்டு போ.

பாப்பாவைப் பற்றித்தான் எனக்கு அதிகம் ஓடுகிறது. 11 வயது முடியப் போகிறது. பெண் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் எலும்பு வளர்வதைப் போல வாழ்நாளில் வேறு எப்போதும் வளராது. அந்த உச்சத்தை ஒட்டிய இரண்டு வருடத்தில் மட்டும், பெரியவளானபின் எலும்பில் இருக்கப்போகும் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு சேர்ந்துவிடும். அதிலும் சதைதான் முன்னால் ஓடுகிறது. அது வேகமாக வளர்ந்து சில மாதம் கழித்துத்தான் எலும்பு அந்த வேகத்தைப் பிடிக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை குதிக்க வேண்டும். நீ மஞ்சக்குப்பம் மைதானத்தில் கோகோ ஆடிவிட்டு முட்டியெல்லாம் சிராய்த்துக்கொண்டு வருவாய், நான் டெட்டால் போட்டுக்கொண்டே கத்துவேன். அவளோ பள்ளிக்கூட வேன், டியூஷன், டேப்லெட் என்று இருக்கிறாள். வயசுக்கு வந்தபிறகும் ஓட விடு. பொம்பளைப் பிள்ளை குதிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் என் நம்பரைக் கொடு.

உன்னைச் சுமந்தபோது ஏழாவது மாதத்தில் ராத்திரி முழுக்க உதைப்பாய். தூங்க விடமாட்டாய். வயிற்றுக்குள் அசைய முடியாமல் போகும் குழந்தைகள் மெல்லிய எலும்போடு பிறக்கும் என்று வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். அப்போதே தெரிந்திருந்தால் உன் அப்பாவிடம் அத்தனை புலம்பியிருக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஞாயிற்றுக்கிழமை புனே போகிறான், ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். கேழ்வரகு மாவு இரண்டு கிலோ, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அடை சுட்டுக் கொடு. கடலூர் ஓல்டு டவுன் (ஓ.டி.) துறைமுகத்தில் வாங்கிய நெத்திலிக் கருவாடு, முள்ளோடு மென்றுவிடலாம். பாப்பாவுக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு. மரக்கைப்பிடி போட்டதுதான் வேண்டும் என்று அப்பா மூன்று கடை ஏறி இறங்கினார். கருவாட்டு வாசனை கயிற்றில் ஏறாமல் இரண்டு கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், அப்படியும் ஏறியிருந்தால் ஒரு நாள் வெயிலில் போடு.

அன்புடன்,
அம்மா