பழைய கார் வாங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம். பழைய கார் வாங்குவோர் பெயின்ட் பளபளப்பையும் மீட்டரையும் நம்பிவிடுகிறார்கள். மீட்டரைத் திருத்துவது எளிது. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். இன்ஜின் வேலை என்றால் மலிவாக வாங்கியதற்கே அர்த்தமில்லை.

சென்னை வண்டிகளில் வெள்ளச் சேதத்தையும் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வேண்டவே வேண்டாம். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் துருவும் இதைக் காட்டிக்கொடுக்கும்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். 14 வயதான வண்டி என்றால் தகுதிச் சோதனை, புதுப்பிப்புக் கட்டணம், பழைய வண்டிகளுக்கான பசுமை வரியையும் கணக்கிட்டே விலை பேசுங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் அதை நீக்குவதற்கான 35-ஆம் படிவமும் வங்கியின் தடையில்லாச் சான்றும் வரும்வரை முன்பணம் தராதீர்கள்.

– வாசகர், தாம்பரம்