செயற்கைக் காலைவிட சாக்கெட்தான் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் கால் இழந்த ராணுவ அதிகாரி இயன் கார்டோசோ, செயற்கைக் காலுடன் பட்டாலியனுக்கும் பின்னர் பிரிகேடுக்கும் தலைமை ஏற்றார். அப்படிப் பணிக்குத் திரும்பத் துடிக்கும் வீரர்களின் வீட்டாருக்காக இதை எழுதுகிறோம்.

முழங்காலுக்குக் கீழே கால் போனவருக்குச் சொந்த மூட்டு மிஞ்சுகிறது. அது பெரிய பலம். வலிக்கிறதே என்று அதன் அடியில் தலையணை வைத்து அந்தப் பலத்தைக் கெடுத்துவிடாதீர்கள். மடங்கியபடியே மூட்டு இறுகிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காலும் நேராக ஊன்றாது.

வெட்டியது போக எஞ்சிய கால்பகுதி முதல் வருடம் சுருங்கிக்கொண்டே வரும். அந்தப் பகுதி நுழைந்து உட்காரும், செயற்கைக் காலின் மேல்கிண்ணம்தான் சாக்கெட். காலையில் கச்சிதமாக இருக்கும் சாக்கெட் மாலையில் தளரும். கால் உள்ளே இறங்கி எலும்பு முனை இடிக்கும். எஞ்சிய கால்பகுதியின் மேல் கூடுதலாக ஒரு காலுறை போட்டால் சரியாகும். நாலைந்து போட்டும் ஆடினால் புது சாக்கெட்தான் வழி. காலுறையால் ஒப்பேற்றக் கூடாது.

தண்டையார்பேட்டை வெயிலில் சாக்கெட்டுக்குள் தோலை ஒட்டி மாட்டும் சிலிகான் உறையான லைனருக்குள் வியர்வை தேங்கி, தோல் வழுக்கிக் கொப்புளிக்கும். மதியம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். இரவில் மென்மையான சோப்பால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கழற்றி 20 நிமிடமாகியும் தோலில் சிவப்பு மறையவில்லை என்றால் அன்று மறுபடி மாட்ட வேண்டாம். மறுநாளே சாக்கெட்டைக் காட்டுங்கள்.

செயற்கைக் கால் பட்டறைத் தொழிலாளர்கள்,
ராயபுரம், சென்னை.