பட்டாணி அறுவடைக்கு முன் கிராம்ஃபூ – லோசர் சாலையைச் சீரமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
லோசர் சுற்றுவட்டாரப் பட்டாணி விவசாயிகள்,
ஸ்பிட்டி, இமாசலப் பிரதேசம்.

பெறுநர்:
கூடுதல் துணை ஆணையர் அவர்கள்,
காஸா.

பொருள்: ஓடைகளில் தரைப்பாலமும் அறுவடைக் காலத்தில் ஜேசிபி வசதியும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், மழை அரிதாகவே எட்டிப் பார்க்கும் எங்கள் ஊர்களில் பனி உருகிவரும் நீரை ‘குல்’ என்னும் வாய்க்கால் வழியே கொண்டுவந்து, இரவில் குட்டையில் தேக்கி, பகலில் முறைவைத்துப் பாய்ச்சி, ஆண்டுக்கு ஒரே ஒரு போகம் எடுக்கிறோம். வாற்கோதுமை வீட்டுச் சாப்பாட்டுக்கு. கையில் காசு தருவது பச்சைப் பட்டாணிதான். சமவெளியில் பட்டாணி விளையாத ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சந்தைக்குப் போவதால்தான் எங்கள் காய்க்கு விலை இருக்கிறது. ஆனால், பறித்த காய் மூட்டைக்குள் இரண்டு நாள் கிடந்தால் சூடேறி மஞ்சளித்துவிடும்.

2020-இல் 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் மணாலி செல்லும் எங்கள் வண்டிகள் ரோதாங் கணவாயில் ஏற வேண்டியதில்லை. அந்த உதவியை நாங்கள் மறக்கவில்லை. இன்று தடையாக இருப்பது அதற்கு முன்னுள்ள வழி. குன்சும் கணவாயிலிருந்து இறங்கி, பாத்தல், சத்ரூ வழியாக, மணாலி சாலையைத் தொடும் கிராம்ஃபூ சேரும்வரை ஓடைகள் சாலையின் மேலேயே பாய்கின்றன. காலையில் கணுக்காலளவு இருக்கும் நீர், வெயில் ஏறியதும் கற்களைப் புரட்டிக்கொண்டு வருகிறது. ஓட்டுநர்கள் விடியுமுன்பே லோசரை விட்டுக் கிளம்புவது அதனால்தான். நடுவில் ஒரு லாரி சிக்கினால் பின்னால் வரும் அத்தனை பேருக்கும் அன்றைய பொழுது போயிற்று. கடந்த அறுவடையில் எங்கள் மூட்டைகள் இரண்டு இரவுகள் பாத்தல் அருகே நின்றன. காய்கறி மண்டியில் கிடைத்த தொகை வண்டி வாடகைக்கே சரியாகிவிட்டது. பக்கத்து மாவட்டமான கின்னௌர் வழியாகச் சுற்றிப் போகலாமே என்பவர்கள் உண்டு. காஸாவிலிருந்து சிம்லாவே 400 கி.மீ.க்கு மேல், மழைக்காலத்தில் அங்கும் மண் சரிகிறது.

ஆகவே, அடிக்கடி பெருக்கெடுக்கும் ஓடைகளில் இவ்வாண்டே தரைப்பாலம் அமைக்கவும், அது முடியும்வரை ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்டம்பர் இறுதி வரை பாத்தலிலும் சத்ரூவிலும் ஆளுடன் தலா ஒரு ஜேசிபி நிறுத்திவைக்கவும் உத்தரவிடக் கோருகிறோம். வழி அடைபட்டுத் திறக்கும்போது காய் ஏற்றிய வண்டிகளை முதலில் விட வேண்டும் என்பதும் எங்கள் வேண்டுகோள். சந்திரதால் ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் எங்களுக்கும் விருந்தினரே. ஆனால் அவர்கள் ஒரு மணி நேரம் பொறுக்கலாம், பட்டாணி பொறுக்காது.

குன்சும் பனியால் மூடினால் அடுத்த கோடையில்தான் திறக்கும். குளிர்கால அரிசி, விறகு, பிள்ளைகளின் படிப்புச் செலவு யாவும் அதற்குள் வரும் பணத்தை நம்பியே இருப்பதால், அறுவடை தொடங்குமுன் தாங்கள் ஒருமுறை இவ்வழியே நேரில் வந்து பார்வையிட வேண்டுகிறோம். பிற்பகலில் வந்தால் நல்லது.

இங்ஙனம்,
லோசர் சுற்றுவட்டாரப் பட்டாணி விவசாயிகள்