மிக்சர் மெஷின் வாங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள அம்மிணி,

கடன் போட்டு, சாமானைத் தூக்கி டிரம்மில் கொட்டுகிற தொட்டி (ஹாப்பர்) வைத்த பெரிய கான்கிரீட் மிக்சர் மெஷின் எடுக்கப் போகிறேன் என்று நேற்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். போனில் பேசினால் பாதியில் சைட்டிலிருந்து யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள், அதனால் எழுதுகிறேன். பெரியது இப்போது வேண்டாம் கண்ணு.

தாம்பரத்தில் நீ பிடித்திருக்கும் வேலை எல்லாம் என்ன? பாத்ரூம் தரையை உடைத்துப் போடுவது, கம்பி துருப்பிடித்து வெடித்த பில்லரைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் போடுவது, பழைய வீட்டு வாசல், ஜன்னலுக்கு மேலே லிண்டல் வைப்பது. 10-க்கு 10 அறையில் 3 அங்குலத் தரை போட்டால் 25 கன அடி, சிமெண்ட் 6 மூட்டைகூட முழுசாகப் பிடிக்காது. ஒரு டிரம்முக்கு அரை மூட்டை சிமெண்ட் பிடிக்கும் சின்ன மெஷினில் 12 டிரம் ஓட்டினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். இதற்குப் போய் பெரிய மெஷினை இழுத்துக்கொண்டு போனால் சந்துக்குள் திரும்பவே திரும்பாது, நிறுத்தி வைக்கவும் இடம் இருக்காது.

கூரைத் தளம் போடும் நாள் வேறு கணக்கு. 1000 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் ஏறக்குறைய 12 கன மீட்டர். எம் 20 என்கிற தரக் கான்கிரீட்டுக்கு கன மீட்டருக்கு 8 மூட்டை வைத்தால் 95 மூட்டை ஆகிறது. ஒரு மூட்டை மெஷினில், அதாவது நம் ஊரில் 10/7 என்கிறோமே அதில், டிரம்முக்கு 4 நிமிஷம் வைத்தாலும் 6 மணி நேரத்துக்கு மேல் போகும். அரை மூட்டை மெஷினில் 190 டிரம், பொழுது சாய்ந்தாலும் முடியாது. ஆனால் அந்த மாதிரி வேலை உனக்கு வருஷத்துக்கு எத்தனை வரும்? அன்றைக்கு மட்டும் 10/7 மெஷினை ஆளோடு வாடகைக்கு எடு. சின்னது சொந்தமாக இருக்கட்டும்.

சின்னதிலும் மோட்டாரா டீசலா என்று கேட்பாய். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் ரிப்பேர் பார்க்கிறவளுக்கு மோட்டார்தான், புகையும் இல்லை, சத்தமும் குறைவு. ஆனால் எர்த் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதே. ஈரக் கையும் ஈரத் தரையுமாக நிற்பது சித்தாள்கள். கரண்ட் இல்லாத மனைக்குப் போகும்போது டீசல் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், பாக்கெட்டில் வரும் ரிப்பேர் கலவைக்கு டிரம்மே வேண்டாம், போட்டதில் பாதி டிரம்மின் உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். டிரில் மாதிரி கையில் பிடித்துக் கலக்குகிற மெஷினும் ஒரு பக்கெட்டும் போதும்.

பழைய மெஷின் பார்த்தால் பெயிண்டைப் பார்த்து ஏமாறாதே. டிரம்மைச் சுற்றி இருக்கும் பல்சக்கரத்தையும் அதை ஓட்டுகிற சின்னச் சக்கரத்தையும் விரலால் தடவிப் பார், பல் கூராகத் தேய்ந்திருந்தால் திரும்பி வந்துவிடு. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான் அப்படி ஒன்றை வாங்கி, ஒரு தளத்தில் 60 மூட்டை ஓடின நேரத்தில் பல் உடைந்தது. வேறு மெஷின் வருவதற்கு 3 மணி நேரம் ஆகி, போட்ட கான்கிரீட் இறுகிப்போய், அதுவும் பிறகு போட்டதும் சேர்ந்த இணைப்பு ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஒழுகியது. மூன்று தடவை என் கைக்காசில் போய்ச் சரிசெய்தேன், அந்த வீட்டம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே இருக்கும் பிளேடு தேய்ந்திருக்கிறதா, டிரம் அடித்தகடு மெலிந்திருக்கிறதா என்றும் பார். வெளியே சுத்தியல் அடித்த பள்ளம் நிறைய இருந்தால், கழுவாமல் விட்டு இறுகின கலவையைத் தட்டித் தட்டி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பல்சக்கரத்துக்கு மூடி இல்லாத மெஷினை வாடகைக்குக்கூட எடுக்காதே. சேலைத் தலைப்பு ஒரு நொடியில் உள்ளே போய்விடும்.

மெஷின் வந்தபிறகு சட்டிக் கணக்கில் மணல் போட விடாதே. 35 லிட்டர் அளவுப் பெட்டி செய்துகொள், அது ஒரு மூட்டை சிமெண்டின் கன அளவு. தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டரைத் தாண்டக்கூடாது, எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் இதில்தான் சேர்த்தி. எல்லாம் விழுந்தபிறகு 2 நிமிஷமாவது சுற்றட்டும், கொத்தனார் அவசரப்படுத்தினாலும் விடாதே. முதல் டிரம்மில் கொஞ்சம் சிமெண்ட் கூடப் போடு, தகட்டில் ஒட்டிக்கொள்வது அதுதான். சாயங்காலம் ஜல்லியும் தண்ணீரும் போட்டுச் சுற்றவிட்டுக் கழுவு.

சனிக்கிழமை மெஷின் பார்க்கப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பல்சக்கரத்தையும் டிரம்மின் உள்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா