கல்லில் பெயர் இல்லாத உபயகாரர்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தாருக்கும், விளையாட்டுக் கழகத்துத் தம்பிமாருக்கும், லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற ஊர்ச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

புதுக் கட்டடத்தின் முகப்பில் பளிங்குக் கல் பதித்து, உபயகாரரின் பெயர்களைத் தொகைவாரியாக எழுதப்போகிறீர்கள் என்று அறிந்தேன். கட்டாயம் எழுதுங்கள். குளிருக்குள் இரண்டு வேலை செய்து அனுப்பிய காசு அது. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், இரத்தமும் கண்ணும் கொடுக்கிற இன்னும் சிலருக்கும் இடம் கேட்டுத்தான் இந்த மடல்.

போன மார்கழி மழைக்குள் அம்மாவுக்கு டெங்கு. இரத்தத்தை உறையவைக்கும் பிளேற்லெற் அணுக்கள் இறங்கி, பல்முரசில் இரத்தம் கசியத் தொடங்கிவிட்டது. இரவு பத்து மணிக்குப் பிறகு தாதி ஒரு சின்னப் பிளேற்லெற் பையைக் கொண்டுவந்து கொழுவினார். சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வடித்த கஞ்சிபோல வெளிறிய மஞ்சள் நிறம். பையில் ஓர் இலக்கம், இரத்த வகை, காலாவதித் திகதி. பெயர் இல்லை. விடியுமட்டும் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இன்று முற்றம் கூட்டுகிறார்.

செங்குழியங்களைக் குளிரூட்டியில் ஒரு மாதம் வைத்திருக்கலாம். பிளேற்லெற் அப்படியில்லை. 22 பாகை அளவில் இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தாலும் ஏறக்குறைய 5 நாள்தான். இரத்தம் கொடுத்த ஒருவர் திரும்பக் கொடுக்க 4 மாதம் பொறுக்க வேண்டும். திருவிழாவை ஒட்டி எல்லாக் கழகமும் ஒரே கிழமையில் இரத்ததான முகாம் வைத்தால், கார்த்திகை மழைக்கு யார் மிஞ்சுவர்? மாதத்துக்கு ஒரு கழகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள் தம்பிமாரே. கார்த்திகையையும் மார்கழியையும் வெறுமையாக விடாதீர்கள்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தால் இலங்கைக் கண்கள் எத்தனையோ நாடுகளில் பார்வை கொடுத்திருக்கின்றன. நாங்களோ வெளிநாட்டுப் பிள்ளைகள் வரும்வரை உடலை நாட்கணக்கில் வைத்திருக்கிறோம். தானமாக எடுப்பது கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலமான விழிவெண்படலத்தை. அதை மூச்சு நின்று சில மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஆகவே பிள்ளைகள் தொலைபேசியிலேயே சம்மதம் சொல்லும்படி, உயிரோடு இருக்கும்போதே வீட்டில் கதைத்து வைக்க வேண்டும். சங்கத்தார் இதை உங்கள் ஒன்றுகூடலில் ஒருமுறை எடுத்துச் சொன்னால், நாங்கள் இங்கே பத்துமுறை சொல்வதைவிட எடுபடும்.

மருத்துவபீடத்து மாணவர் படிக்கத் தங்கள் உடலையே எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். காசைவிட வேறொன்றைக் கொடுத்தவர் அன்றும் இருந்தார்: 1933இல் செல்லப்பா என்பவர் தன் வீட்டில், தன் புத்தகங்களோடு திறந்த வாசிகசாலைதான் யாழ்ப்பாண நூலகமாக வளர்ந்தது. இவர்களை எந்தத் தொகைக்குக் கீழே எழுதுவது?

பளிங்குக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை போதும். சம்மதிப்பவர்களின் பெயரை மாதாமாதம் எழுதலாம். கல்லுக்குச் சொல்ல முன்னம் ஒருநாள் கூடிக் கதைப்போம். மார்கழி முகாமுக்கு என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஓ பொசிற்றிவ்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை