ஞாயிறு சந்திப்பு: காரைக்கால் அம்மையாரின் எலும்புகள்

அன்பர்களே, வணக்கம்.

இந்த ஞாயிறு மாலை 4 மணிக்குச் சுங்கை சிப்புட்டில் வழக்கமான கோவில் மண்டபத்தில் கூடுகிறோம். இம்முறை பேச்சு ஒரே ஒரு வெண்கலச் சிலையைப் பற்றி: அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில், நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் கால காரைக்கால் அம்மையார், அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான சிவபக்தை.

ஒரு முழ உயரம்கூட இல்லாத சிலை. கணவன் விலகிப் போனதும் அழகு இனி எதற்கு என்று பேயுருவை வேண்டிப் பெற்றவர் அல்லவா? விலா எலும்புகளை எண்ணிவிடலாம். மார்பு வற்றித் தொங்குகிறது. கையில் தாளம். முகத்தில் மட்டும் சிரிப்பு. தோள்பட்டைக் குழியைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது, நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய என் பாட்டியின் கழுத்துதான். செய்த சிற்பியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பசித்த உடம்பை அருகிலிருந்து பார்த்தவர் என்பது என் எண்ணம்.

வார்ப்பு முறையையும் சற்றுப் பார்ப்போம். முதலில் மெழுகில் உருவம். அதன்மேல் களிமண் பூச்சு. சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும், அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே அதே அச்சில் இன்னொன்று கிடையாது. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள்.

போன மாதம் வாடகை புரொஜெக்டர் பாதியில் கண்ணை மூடிவிட்டது. இந்த முறை படங்களைத் தாளில் அச்சிட்டு வருகிறேன். லயத்து வீட்டுப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். தேநீர் உண்டு, வடைக்குப் பொறுப்பேற்பவர் இங்கேயே சொல்லிவிடவும்.